பூனை வருது, மூணாம் நம்பர் வயரைச் சொருவு

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சத்தம் வராத எதையும் நான் நம்பமாட்டேன். குக்கர் விசில் அடிக்காவிட்டால் சாதம் வேகவில்லை. மோட்டார் உறுமாவிட்டால் தண்ணீர் ஏறவில்லை. அம்மா போனில் திட்டாவிட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இந்தப் பழக்கம் வீட்டோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் அதை வல்லம் வடகாலில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்குள் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரிடம் காட்டினேன். விளைவாக, வெளிநாட்டு விருந்தாளிகள் முன்னால் நாறிப்போனேன். அதுவும் ஐம்பத்தைந்து அங்குல டிவியில்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. உடன்குடியிலிருந்து ஒரு டிப்ளமோ சான்றிதழும் ஒரு டப்பா கருப்பட்டியுமாகக் கிளம்பி வந்து, சுங்குவார்சத்திரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். ஆறு பேருக்கு ஒரு பாத்ரூம். அதனால் விடிகாலையிலேயே பக்கெட்டோடு வரிசை. பிறகு கம்பெனி பஸ். பிறகு எட்டு மணி நேரம் லைனில் நின்றுகொண்டே சர்க்யூட் போர்டு சோதிக்கும் வேலை. 'நின்றுகொண்டே' என்பதை இரண்டு முறை படிக்கவும். எங்கள் லைனில் உட்காரும் உரிமை இரண்டே பேருக்குத்தான். ஒன்று, டெஸ்ட் இன்ஜினியர். இன்னொன்று, ஆயுதபூஜைக்கு மாட்டிவிட்டுக் கழற்ற மறந்த சரஸ்வதி படம்.

டெஸ்ட் இன்ஜினியரின் நாற்காலி நீல நிறம். சக்கரம் வைத்தது. முதுகுக்கு வலை போட்டது. அந்த இன்ஜினியர் ஒருநாள் ஒரகடம் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நாற்காலி காலியாகக் கிடந்தது. எனக்கு லினக்ஸ் தெரியும் என்று நானே வாயைக் கொடுத்தேன். (தெரியும் என்றால், பாலிடெக்னிக்கில் ஒரு செமஸ்டர் படித்திருந்தேன். அதில் பாதி நாள் கரண்ட் இல்லை.)

பிளான்ட் மேனேஜர் வேதகிரி சார் காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாமா, நெஜமாவே தெரியுமா?"

"தெரியும் சார்."

"மூணு மாசம் ட்ரையல். கடைசில கஸ்டமர் விசிட் கீது. அன்னைக்கு அந்தப் பெரிய டிவில அஞ்சு டேபிள் கணக்கும் லைவா ஓடணும். ஓடுச்சுன்னா சேர் உனக்கு. ஓடலைன்னா பழையபடி டேபிளாண்ட போய் நின்னுக்க. சரியா?"

சரி என்றேன். அன்றைக்கே அம்மாவிடம் போனில் சொல்லித் தொலைத்தேன். அதுதான் முதல் தவறு. அடுத்த திங்கட்கிழமை அம்மா கூப்பிட்டாள்.

"ஏட்டி, நேத்து கோயில்ல ஒம் பேர வாசிச்சாவ. மக இன்ஜினியர் ஆனதுக்கு ஸ்தோத்திரக் காணிக்கைன்னு."

"எம்மா, இன்னும் ஆவலம்மா! ட்ரையல்தான்."

"அதெல்லாம் ஆண்டவருக்குத் தெரியும். நீ சும்மா கெட."

ஆக, சர்ச்சில் வாசித்தாகிவிட்டது, ஊரறிய நான் இன்ஜினியர். ஆண்டவருக்கும் தகவல் போய்விட்டது. பாக்கியிருந்தது வேதகிரி சார் மட்டும்தான்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் மோசமான மனிதர் இல்லை. ஆனால் நடந்தால் சத்தமே வராது. ரப்பர் அடி வைத்த ஷூ போட்டுக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, நாம் பக்கத்து டேபிள்காரியிடம் பேசிக்கொண்டிருக்கும் கதையின் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பறம் இன்னா ஆச்சு?" என்பார். எத்தனை பேருக்கு உயிர் போய் உயிர் வந்திருக்கிறது! அதனால் லைனில் அவருக்குப் பூனை என்று பெயர். அவர் தலை தெரிந்ததும் முதலில் பார்த்தவள் "பூனை வருது" என்று உதடு அசையாமல் சொல்வாள். அது லைன் முழுக்க ஓடி, அவர் வருவதற்குள் நாற்பது பேரும் பதிவிரதைகள்போலக் குனிந்து போர்டையே பார்த்துக்கொண்டிருப்போம்.

சரி, புரோகிராமுக்கு வருகிறேன். உண்மையில் இரண்டு புரோகிராம்கள். ஒன்று, ஐந்து டேபிளிலிருந்தும் சோதனை முடிவுகளைச் சேகரித்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று, அந்த முடிவுகளை அட்டவணையாக டிவியில் காட்டும். பச்சையில் தேறியவை, சிவப்பில் தேறாதவை. பார்க்க அம்சமாக இருக்கும்.

பழைய இன்ஜினியர் வைத்திருந்த சேகரிப்பு புரோகிராம், ஏதாவது கோளாறு என்றால் இங்கிலீஷில் ஒரு நம்பரைக் கக்கும். மூன்றாம் டேபிள் முத்துலட்சுமிக்கு அது பிடிக்காது. அவள் சங்கரன்கோவில்காரி, ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்.

"ஏட்டி, வயரு கழண்டா கழண்டுட்டுன்னு சொல்ல வேண்டியதான? அது என்னமோ நம்பரு போடுது. நான் என்ன லாட்டரி டிக்கெட்டா வாங்கியிருக்கேன்?"

நியாயமான கேள்வி. இன்ஜினியர் வந்து அந்த நம்பரைப் படித்துச் சொல்லும்வரை அவள் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அதனால் எல்லாப் பிழைச் செய்தியையும் நாங்கள் ஹாஸ்டலில் பேசுகிற தமிழிலேயே எழுதிவிட்டேன். புரோகிராம் ஓடும் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் வரும் என்பதால், வாட்ஸாப்பில் அடிக்கிற மாதிரி இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். வயர் கழன்றதும் வருவது:

"ஏட்டி, மூணாம் நம்பர் வயரு கழண்டு கெடக்கு. சொருவு."

ஐந்து விநாடி கழித்தும் சொருகவில்லை என்றால்:

"இன்னும் சொருவலியா? பூனை வருது."

அப்படியும் சொருகவில்லை என்றால்:

"பூனை வந்துட்டு. இனி ஏசப்பாதான் காப்பாத்தணும்."

அதற்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து. முத்துலட்சுமி படித்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். விசிட்டுக்கு முன்னால் இதையெல்லாம் மாற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் எப்படியும் இது பின்னணியில்தானே ஓடப்போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். (பின்னணி! அந்த வார்த்தையை நம்பித்தான் கெட்டேன்.)

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கறுப்புத் திரையில் நாம் கட்டளை அடித்தால் வாங்கிக்கொள்கிற ஆளுக்கு ஷெல் என்று பெயர். ஒரு வேலையைக் கொடுத்தால், அது முடியும்வரை அடுத்த வேலையை வாங்காது. ஆனால் கட்டளையின் கடைசியில் & என்ற குறியைப் போட்டால் அந்த வேலை பின்னணிக்குப் போய்விடும், திரை நம் கைக்கு வந்துவிடும். எனவே சேகரிப்பைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு, முன்னால் அட்டவணையை ஓட விடலாம் என்று திட்டம். டிவியும் கம்ப்யூட்டரும் ஒரே படத்தைத்தான் காட்டும் என்பதால் திரை சுத்தமாக இருக்க வேண்டும்.

விசிட்டுக்கு முந்தின நாள் & போட்டு அனுப்பினேன். போனது. ஆனால் "ஒன்றாம் டேபிள் சரி, இரண்டாம் டேபிள் சரி" என்று அட்டவணைக்கு நடுவிலே கத்திக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் பின் சீட்டுக்கு அனுப்பிய ஆள் அங்கிருந்தே கண்டக்டரோடு பேசுகிற மாதிரி. பின்னணிக்குப் போவது வேறு, வாயை மூடுவது வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கம்ப்யூட்டரில் அந்த ஜன்னலை (விண்டோவை) மூடி அந்த வேலையையும் நிறுத்திவிட்டு, பாலிடெக்னிக் லினக்ஸ் புத்தகத்தைப் புரட்டினேன். > என்று ஒரு குறி. அதைப் போட்டால் புரோகிராமின் பேச்சு திரைக்கு வராமல் ஒரு ஃபைலுக்குள் போய் விழுந்துவிடும். ஆஹா! புது ஜன்னலைத் திறந்து, > போட்டு, ஃபைல் பெயரைப் போட்டு, கடைசியில் & போட்டுத் தட்டினேன்.

அமைதி. ஒரு வரி இல்லை. ஒரு எழுத்து இல்லை.

வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஓடுகிறதா? சத்தமே இல்லையே? சரியாகத் தட்டவில்லையோ? இன்னொரு முறை தட்டினேன். அதே அமைதி. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் ஷெல் 1, 2, 3 என்று அடைப்புக்குறிக்குள் எண்ணிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. "தாயே, மூன்று ஓடுகிறது" என்று அதற்கு அர்த்தம். நான் அதை ஏதோ மரியாதை நிமித்தம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அட்டவணையை ஓட விட்டேன். பச்சை எண்கள் அழகாக ஏறின. நாற்காலியில் உட்கார்ந்து, காலால் உந்தி, ஒரு முழுச் சுற்று சுற்றினேன்.

"இன்னா மேடம், ராட்டினமா?" என்று ஒரு குரல். மெயின்டெனன்ஸில் இருந்த ஆரோக்கியராஜ். பிள்ளைப்பாக்கத்துப் பையன். யார் எப்போது அசடு வழிந்தாலும் அந்த இடத்தில் ஸ்குரூடிரைவரோடு நிற்பது அவனுக்குக் கைவந்த கலை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு விசிட். அதற்கு முன் ஹவுஸ்கீப்பிங் அக்காமார் வந்து டேபிள்களை முகம் பார்க்கிற அளவுக்குத் துடைத்துவிட்டுப் போனார்கள். வேதகிரி சார் கடைசி உத்தரவு போட்டார்.

"விசிட்டர் போற வரைக்கும் யாரும் தலைய தூக்கக் கூடாது. பேச்சு, சிரிப்பு, ஒண்ணும் கூடாது. அவங்க அவங்க போர்ட பாத்துகினு இருக்கணும்."

மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருமே வெளிநாட்டுக்காரர்கள். நடுவில் இருந்தவர் நல்ல உயரம். கையில் அட்டையில் செருகிய காகிதம், காதில் பென்சில். டிவிக்கு எதிரே வந்து நின்று அட்டவணையைப் பார்த்துத் தலையாட்டினார். வேதகிரி சார் என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினார். என் காது வரைக்கும் ரத்தம் ஏறியது. நாற்காலி எனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்போது மூன்றாம் டேபிளில், காலையில் துடைத்தபோது தளர்ந்திருந்த வயர் நிதானமாகக் கழன்றது.

இங்கே ஒரு விஷயம். ஒரு புரோகிராமுக்கு வாய் ஒன்றல்ல, இரண்டு. ஒரு வாயில் நல்ல சேதி வரும். இன்னொரு வாயில் புகார் வரும். > என்ற குறி முதல் வாயைத்தான் ஃபைலுக்குத் திருப்பும். இரண்டாவது வாய் திறந்தபடியேதான் இருக்கும், திரையைப் பார்த்து. முந்தின நாள் ஒரு வயரும் கழலவில்லை, அதனால் இரண்டாவது வாய்க்கு வேலை இல்லை. அதை நான் ஊமை என்று நினைத்துவிட்டேன்.

டிவியில் அட்டவணைக்குக் குறுக்கே வந்தது: "ஏட்டி, மூணாம் நம்பர் வயரு கழண்டு கெடக்கு. சொருவு."

அதற்குக் கீழே அதே வரி. அதற்கும் கீழே அதே வரி. மூன்று புரோகிராம் அல்லவா!

ஐந்து விநாடி. "இன்னும் சொருவலியா? பூனை வருது." மூன்று முறை.

ஐந்து விநாடி. "பூனை வந்துட்டு. இனி ஏசப்பாதான் காப்பாத்தணும்." மூன்று முறை.

லைனில் எங்கோ ஒருத்தி களுக்கென்றாள். இன்னொருத்தி இருமுவதுபோல நடித்தாள். பதற்றத்தில் எல்லாரும் என்ன செய்வார்களோ அதையே செய்தேன். எதையும் நிறுத்துகிற கன்ட்ரோல்-சி பட்டனை அமுக்கினேன். நின்றது. எது? முன்னால் ஓடிய அட்டவணை. பின்னணியில் இருப்பவர்களை அந்தப் பட்டன் தொடவே தொடாது. அழகான பச்சை எண்கள் எல்லாம் மறைந்து, கறுப்புத் திரையில் பூனையும் ஏசப்பாவும் மட்டும், தெளிவாக, வேறு எந்த இடைஞ்சலும் இல்லாமல்.

வேதகிரி சார் பல்லைக் கடித்துக்கொண்டு, உதட்டில் சிரிப்பு மாறாமல், "ஜெபராணி, இன்னாமா இது?" என்றார்.

"ஒரு நிமிஷம் சார்."

ஒரு நிமிஷமா! எண் ஒன்று போட்ட வேலையைக் கொல்லும் கட்டளையை அடித்தேன். நான் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் ஐம்பத்தைந்து அங்குலத்தில் ஓடுகிறது. நடுநடுவே பூனை வேறு வந்து என் கட்டளையை இரண்டாகக் கிழிக்கிறது. மூன்று முறை தப்பும் தவறுமாக அடித்து, நான்காவது முறை ஒன்று செத்தது. ஒவ்வொரு வரியும் மூன்றுக்குப் பதில் இரண்டு முறை வந்தது. முன்னேற்றம்தான்.

அந்த நேரம் பார்த்துப் புத்தகத்தில் படித்த ஒன்று ஞாபகம் வந்தது. 2>&1. இரண்டாவது வாயை முதல் வாய் போகிற இடத்துக்கே அனுப்பும் மந்திரம். அடித்தேன், புதிதாக ஒன்றை ஓட விட்டேன். ஆனால் மந்திரத்தை ஃபைல் பெயருக்குப் பின்னால் போடாமல் முன்னால் போட்டுவிட்டேன். அதாவது, முதல் வாயை அக்கா, இரண்டாவது வாயைத் தங்கை என்று வைத்துக்கொண்டால், "அக்கா இப்போது எங்கே இருக்கிறாளோ அங்கே போ" என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன். அக்கா அப்போது திரையில் இருந்தாள். தங்கை திரைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அக்காவை ஃபைலுக்கு அனுப்பினேன். அக்கா கிளம்பிப் போனது தங்கைக்கு யார் சொல்வது? அவள் பாட்டுக்குத் திரையிலேயே நின்றாள். பூனை மறுபடி மூன்று முறை வந்தது.

"ஆரோக்கியம், டிவிய ஆஃப் பண்ணு!" என்று கிசுகிசுத்தேன்.

"ரிமோட்டு அட்மின் பீரோவுல கீது. சாவி லீவுல கீது" என்றான். பிளக்கைப் பிடுங்கலாம் என்றால் அது கூரைக்குப் பக்கத்தில். ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான். விசிட்டர் முன்னால் ஏணி ஏறப் பாதுகாப்பு பெல்ட் வேண்டும் என்று ஞாபகம் வந்து, பெல்ட்டைத் தேடப் போனான். போகும்போது அவன் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். படுபாவி சிரித்துக்கொண்டே போகிறான்.

அந்த உயரமானவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். எழுத்து இங்கிலீஷ் எழுத்தாயிற்றே, அவருக்குப் படிக்க வருகிறது! எல்கேஜி பிள்ளை மாதிரி விரலை நீட்டி, உரக்க, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார்.

"பூ... னை... வ... ரு... து." திரும்பி வேதகிரி சாரைப் பார்த்தார். "வாட் இஸ் பூனை?"

நாற்பது பெண்கள், நாற்பது குனிந்த தலைகள், எண்பது குலுங்கும் தோள்கள்.

"கேட், சார்" என்றார் வேதகிரி சார். பாவம், அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

"கேட்? இன்சைட் தி ஃபேக்டரி?"

"நோ, நோ. நோ கேட், சார்!"

உயரமானவர் நம்பவில்லை. குனிந்து டேபிளுக்கு அடியில் பார்த்தார். மற்ற இருவரும் குனிந்தார்கள். விருந்தாளி குனியும்போது தான் நிமிர்ந்து நிற்பது மரியாதையில்லை என்று வேதகிரி சாரும் குனிந்தார். பூனையே பூனையைத் தேடிய காட்சியை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். உயரமானவர் எழுந்து காகிதத்தில் என்னமோ எழுதிக்கொண்டு, அடுத்த வரிக்குப் போனார்.

"மூணாம்... நம்பர்... வயரு... கழண்டு... கெடக்கு. சொ... ரு... வு."

டிவி இருந்தது மூன்றாம் டேபிளுக்கு நேர் மேலே. அதனால் அந்த லைனில் டிவியைப் பார்க்க முடியாத ஒரே ஆள் முத்துலட்சுமி. பின்னால் என்ன நடக்கிறது, ஏன் எல்லாரும் குலுங்குகிறார்கள் என்று ஒன்றும் புரியாமல், சொன்ன சொல் தவறாமல், நிமிராமல் நின்றுகொண்டிருந்தாள். காதில் 'சொருவு' என்று விழுந்தது. யார் சொன்னது என்றுகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை நீட்டி, கழன்று கிடந்த வயரை எடுத்து, டக்கென்று சொருகினாள்.

திரை அமைதியானது.

அவ்வளவுதான் விஷயம். வாயை மூட வைக்க நான் என்னென்னவோ செய்தேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று ஒரு விநாடி கேட்கவில்லை. அந்த வரியை எழுதியவளே நான்தான்! இதைவிட வெட்கக்கேடு வேண்டுமா?

விசிட்டர்கள் அடுத்த லைனுக்குப் போனார்கள். நான் அந்த நீல நாற்காலியை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றேன். உடன்குடிக் கோயிலில் காணிக்கையைத் திருப்பி வாசிப்பார்களா என்று ஒரு யோசனை ஓடியது. முத்துலட்சுமி மட்டும் பக்கத்தில் வந்து, "ஏட்டி, எனக்கு மட்டும் யாருமே சொல்லலியே, என்னட்டி நடந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மதியம் வேதகிரி சார் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா."

"நிக்கேன் சார்." (எப்படியும் நாளையிலிருந்து நிற்கத்தானே போகிறேன், இப்போதே பழகிக்கொள்ளலாம்.)

"பூனை யாரு?"

ஹாஸ்டல் பூனை என்று சொல்லலாமா என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் பொய் வரவில்லை.

"நீங்கதான் சார்."

"ஏன்?"

"நீங்க வர்றதே தெரியாது சார். சத்தமே இருக்காது. திடீர்னு பின்னால நிப்பீங்க. எல்லாருக்கும் பயம்."

குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"வூட்ல என்னை இன்னான்னு கூப்புடறாங்க தெரியுமா? எருமை. எங்க நின்னாலும் எதையாச்சும் தட்டி வுட்டுடுவேனாம். பூனைன்றது புரமோஷன்மா."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்துகொண்டே, புரோகிராமின் இரண்டாவது வாய் காட்டிக்கொடுத்த கதையையும் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். உயரமானவர் எழுதிவிட்டுப் போன குறிப்பு. முதல் வரி, பாராட்டு: ஆபரேட்டருக்கு அவருடைய மொழியிலேயே பிழை சொல்லப்படுகிறது, அவரே உடனடியாகச் சரிசெய்கிறார், மற்ற லைன்களிலும் இதைச் செய்யவும். இரண்டாவது வரி, குறை: தொழிற்சாலைக்குள் பூனை நடமாட்டம் இருப்பதாகத் தெரிகிறது, உடனே கட்டுப்படுத்தவும். பொறுப்பு: வேதகிரி.

"மொத வரிக்காக ஒன்ன வுடறேன். இன்னும் மூணு மாசம் ட்ரையல். அதுக்குள்ள மூணு லைன்லயும் இத போட்டுக் குடு. அந்த ரெண்டாவது வாய் இன்னாதுன்னு ஒயுங்கா கத்துக்க. சேர் எங்கியும் ஓடிப்போவாது."

"தேங்க்ஸ் சார். பூனைய எடுத்துடுறேன் சார்."

"எடுத்துடு. ரெண்டாவது வரிக்கு நான் இன்னா பண்றதுன்னு பாக்கறேன்."

அவர் என்ன செய்ய முடியும்? வெளிநாட்டுக்காரன் எழுதிவிட்டால் எழுதியதுதான். அடுத்த வாரம் லைன் வாசலில் ஒரு பூனைக் கூண்டு வந்து உட்கார்ந்தது. உள்ளே ஒரு துண்டு கருவாடு. ஒரு மாதம் முழுக்க வேதகிரி சார் தினமும் அந்தக் கூண்டைத் தாண்டித்தான் லைனுக்குள் வந்தார். தாண்டுவதற்கு முன் வாசலில் நின்று, "க்கும், க்கும்" என்று இரண்டு முறை செருமுவார். கூண்டு போன பிறகும் அந்தச் செருமல் போகவில்லை. அவர் ரிட்டையர் ஆகும்வரை செருமிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

மூன்று மாதம் கழித்து நாற்காலி என்னுடையதாயிற்று. அம்மாவிடம் சொன்னேன். "அதான் அப்பவே ஆயாச்சே" என்றாள்.

பெல்ட்டைத் தேடப் போன ஆரோக்கியராஜ், அந்தப் பெல்ட்டை இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பதில் என்னைக் கட்டிக்கொண்டான். (அவர்கள் ஆர்.சி., நாங்கள் சி.எஸ்.ஐ. யார் கோயிலில் கல்யாணம் என்று ஆறு மாதம் நடந்த சண்டை தனிக் கதை.) கல்யாணத்துக்கு வேதகிரி சார் குடும்பத்தோடு வந்திருந்தார். மேடை ஏறும்போது பூந்தொட்டி ஒன்றைத் தட்டிவிட்டார். அவர் மனைவி எங்களைப் பார்த்து, "பாத்தீங்களா?" என்றார். பரிசைப் பிரித்தால் சுவர்க் கடிகாரம். கறுப்புப் பூனை உருவம், விநாடிக்கு ஒருமுறை வால் ஆடும். பின்னால் பேனாவில் எழுதியிருந்தது: 'சத்தம் வரும், பயப்பட வேண்டாம்.'

அந்தக் கடிகாரம் இப்போது பிள்ளைப்பாக்கத்து வீட்டில் டிவிக்கு மேலே தொங்குகிறது. என் மகளுக்கு ஏழு வயது. இந்தக் கதையை அவளுக்குச் சொன்னது அவள் அப்பன். நான் சொல்லியிருந்தால் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருப்பேன். நான் எதற்காவது அடங்காமல் புலம்பினால், "அம்மாவோட ரெண்டாவது வாய் தெறந்துக்கிச்சு" என்கிறாள். வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள், என் மாமியார் உட்பட.

போன வாரம் ஷிஃப்ட் முடிந்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டேன். காலில் கம்பெனி ஷூ. ரப்பர் அடி. வாசலில் நின்றால், பாடம் படிக்க வேண்டிய நேரத்தில் உள்ளே டிவி அலறுகிறது, சிப்ஸ் பாக்கெட் நொறுங்குகிறது. அப்பனும் மகளும்தான். ஜன்னல் வழியாக என் பை தெரிந்திருக்க வேண்டும். மகளின் குரல் கேட்டது.

"அப்பா, பூனை வருது! வயர புடுங்கு, வயர புடுங்கு!"

டிவி பட்டென்று நின்றது. புத்தகம் திறக்கிற சத்தம். பிறகு ஓர் அமைதி, எனக்கு நன்றாகப் பழக்கமான அமைதி. நாற்பது பேர் குனிந்து போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேதகிரி சாருக்கு இது தினமும் கேட்டிருக்கும்.

கதவில் கை வைத்தவள், ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். சிப்ஸ் பாக்கெட்டை ஒளித்து வைக்கவும் நேரம் வேண்டுமல்லவா? "க்கும், க்கும்" என்று இரண்டு முறை செருமிவிட்டு உள்ளே போனேன்.